காலைப் பேய்

எங்கள் ஆய்வகத்தில் எந்த நாளும் பேய் முகத்தில் விழித்துத்தான் வேலை தொடங்கும்.

பயப்பட வேண்டாம். அந்தப் பேய் ஒரு பிளாஸ்டிக் உருளை. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே தண்ணீர், தண்ணீரில் நெடுநாள் தாங்கும் கதிரியக்கப் பொருள் துளியூண்டு, மேலே சீல். எலிகளை ஸ்கேன் செய்வதற்கு முன் அந்த உருளையை இயந்திரத்துக்குள் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். திரையில் சீரான வெள்ளை வட்டம் தெரிந்தால் இயந்திரம் நலம். வேறு எதுவும் தெரியக்கூடாது, ஏனென்றால் உள்ளே வேறு எதுவும் இல்லை. உலகமெங்கும் இதற்கு ஃபான்டம் என்று பெயர். விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆறுக்குட்டி அண்ணன் வேலைக்கு வந்த புதிதில், "அதென்னங்க சார் ஃபான்டமு?" என்று கேட்டார். நானும் அகராதியில் இருக்கிறபடி சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அது பேய். "பேயை வச்சாச்சுங்க சார்" என்பார். படம் முடிந்ததும் "எடுத்துரட்டுங்களா?" என்பார். "பேய் உள்ள இருக்குது, கதவத் தொறந்துறாதே" என்று அவர் சொன்னதைக் கேட்ட புது செக்யூரிட்டி ஒருவர் டீ குடிக்கப் போனவர், போனவர்தான்.

இயந்திரம் என் பொறுப்பு. பெயர் தெய்வசிகாமணி, படித்தது இயற்பியல். கோயமுத்தூருக்கு மேற்கே சிறுவாணிச் சாலையில், மலை கண்ணில் படும் தூரத்தில், ஒரு தனியார் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மனிதர்கள் படுக்கும் பெரிய ஸ்கேனரை ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள். எங்களிடம் இருந்தது அதன் குட்டி. நடுவிலிருக்கும் துளையில் எலி போகும், மிஞ்சிப்போனால் ஒரு முயல் போகும். நம் கை முழங்கை வரைக்கும் போகும். எலியைச் சரியாகப் படுக்கவைக்கக் கையை விட்டுத்தானே ஆகவேண்டும்?

அறை எப்போதும் குளிராக இருக்கும். இயந்திரத்துக்குச் சூடு ஆகாது. ஆறுக்குட்டி அண்ணன் சித்திரை வெயிலிலும் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். மயக்கத்தில் கிடக்கும் எலிக்கு உடம்புச் சூடு மளமளவென்று இறங்கிவிடும் என்பதால் அதற்கு அடியில் மட்டும் ஒரு சின்னச் சூட்டு மெத்தை விரிப்போம். ஒருநாள் அவர் அதைப் பேய்க்கும் விரித்து வைத்திருந்தார்.

"பேய்க்கு எதுக்குண்ணா மெத்தை?" என்று கடிந்துகொண்டேன்.

"குளிருமில்லீங்க" என்றார். கிண்டலா நிஜமா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்தவர் டாக்டர் கோகிலவாணி. தசையிலும் எலும்பை ஒட்டியும் வளரும் ஒருவகைப் புற்றுக்கு அவர் ஒரு மருந்து தயாரித்திருந்தார். புற்றுக்கட்டி சர்க்கரைக்கு அலையும். எலிக்குக் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போட்டால் அது ஓடிப்போய்க் கட்டியில் சேரும், படத்தில் கட்டி தணலாக எரியும். கோகிலவாணியின் மருந்து வேலை செய்தால், போட்ட அன்று மதியத்துக்குள் கட்டி தின்பதை நிறுத்த வேண்டும், தணல் அணைய வேண்டும். அதற்குப் பிறகு எலியைக் கொன்று கட்டியை அறுத்துப் பார்ப்பது முறை.

கொல்வது அவருக்குப் பிடிக்காது. பிடித்தவர் யார் என்று கேட்கலாம், இந்தத் தொழிலில் பழகிப்போனவர்கள் நிறையப் பேர் உண்டு. கோகிலவாணி பழகவில்லை. ஊசி போடுவதற்கு முன் எலியை வலது உள்ளங்கையில் எடுத்து விரல்களை மடக்கிக் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருப்பார். எவ்வளவு துள்ளுகிற எலியும் அந்தக் கைக்குள் அடங்கிவிடும். ஆறுக்குட்டி அண்ணன் வேறு, பெயர் வைக்கக்கூடாது என்ற விதியை மதிக்காமல், எலிகளுக்கு ஜிலேபி, மைசூர்பா, ஜாங்கிரி என்று பலகாரப் பெயர்களாக வைத்திருந்தார்.

இனிமேல் சொல்லப்போவது ஒரு காலையில் தொடங்கியது. பேயை வைத்துப் படம் எடுத்தேன். வெள்ளை வட்டத்துக்கு நடுவே ஓர் எலி படுத்திருந்தது.

இயந்திரத்தைத் துடைத்தேன். உருளையை எடுத்துப் பார்த்தேன், வெறும் தண்ணீர். மறுபடி எடுத்தேன், மறுபடி எலி. வால் நுனி கொக்கியாக மடங்கியிருந்தது, இடது தோளில் கட்டி எரிந்தது. அன்று மதியம் கோகிலவாணி, மருந்து போடுவதற்கு முன்னால் எடுக்கும் முதல் ஸ்கேனுக்குக் கொண்டுவந்த எலியின் வால் நுனி மடங்கியிருந்தது. இடது தோளில் கட்டி. இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். மயிரிழை விலகவில்லை.

"காலையில எடுத்த படத்துல மத்தியானத்து எலி எப்படிங்க வரும்?" என்று கேட்டார் கோகிலவாணி.

"வராதுங்க மேடம்."

"வந்துருக்குதே!"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "சர்க்கரை மருந்துலருந்து பாசிட்ரான்னு ஒரு துகள் வெளிய வருது. அது ஒரு எலக்ட்ரான்மேல மோதுனா ரெண்டுமே காணாமப் போயிரும். அந்த எடத்துலருந்து ரெண்டு கதிர் நேர் எதிர்த் திசையில கெளம்பும். நம்ம மிஷின்ல இருக்கற வளையம் அதைப் புடிச்சுத்தான் படம் போடுது. கணக்கு எழுதறப்ப பாசிட்ரானைக் காலத்துல பின்னாடி நடக்கற எலக்ட்ரான்னு எழுதலாம். கணக்குக்குத்தானுங்க அது. நெசமா யாரும் பின்னாடி நடக்கறதில்ல."

"யாரும் நடக்கறதில்லன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றார்.

அடுத்த சில நாள்களும் காலையில் பேய்க்குள் ஓர் எலி, மதியம் அதே எலி. இயந்திரம் எதிர்காலத்தைக் காட்டுகிறது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். அப்புறம் ஒருநாள் மழையில் ரோடு அடைத்துக்கொண்டது. சர்க்கரை மருந்து ஊருக்குள்ளிருந்து வண்டியில் வரவேண்டும். இரண்டு மணி நேரம் போனால் பாதி வீரியம் போய்விடும் சரக்கு அது. வந்து சேர்ந்தபோது ஒன்றுக்கும் உதவாமல் இருந்தது. அன்று எந்த எலிக்கும் ஊசி போடவில்லை, எதையும் ஸ்கேன் செய்யவில்லை. ஆனால் காலையில் பேய்க்குள் எலி தெளிவாகத் தெரிந்திருந்தது.

"அப்ப இது நடக்கப் போறதைக் காட்டலைங்க" என்றார் கோகிலவாணி. "நான் செய்யோணும்னு இருந்ததைக் காட்டிருக்குது."

சோதித்தோம். இன்று எலிக்குச் சர்க்கரை ஊசி போடப்போவதில்லை என்று அவர் முடிவு செய்துகொண்டு வந்த நாளில் வட்டம் காலியாக இருந்தது. போடலாமா வேண்டாமா என்று இருந்த நாளிலும் காலி. போட்டே தீருவேன் என்று வந்த நாளில் எலி வந்தது. நான் முயன்றேன், ஒன்றும் வரவில்லை. எலியைத் தொடவே அருவருப்புப்படுகிறவன் மனதில் என்ன வரும்? ஆறுக்குட்டி அண்ணன்தான் விஷயத்தை ஒரே வரியில் முடித்தார்.

"அம்மணி மனசு வச்சாத்தான் வருதுங்க."

எத்தனை பேரிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்போம்! தாலுக்கா ஆபீசில், சம்பள உயர்வு கேட்கையில், பெண் கேட்கையில். நீங்க மனசு வச்சா நடக்குமுங்க. அது வெறும் வாய்ச்சொல் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

இயக்குநர் டாக்டர் வரதராஜுலுவிடம் சொன்னதும் அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "மருந்து போடறதுக்கு முன்னாலயே போட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சுருமா? அப்புறம் எதுக்குப் போடணும்? எலியும் சாகாது, முடிவும் கெடைக்கும். இந்த உலகத்துல ஒரு உயிரைக்கூடக் கொல்லாத மருந்து ஆராய்ச்சி நம்மளதுதான்."

"ஆனா போடறதில்லன்னு தெரிஞ்சா மனசு நிக்காதுங்க சார்" என்றார் கோகிலவாணி.

வரதராஜுலு அதற்கும் வழி வைத்திருந்தார். அவர் சில நாள் போன் செய்து "நிறுத்துங்க" என்பார், சில நாள் போனே செய்யாமல் விட்டுவிடுவார், அப்போது ஊசியைப் போட்டுவிட வேண்டும். எது எந்த நாள் என்று கோகிலவாணிக்குத் தெரியாது.

அப்படித்தான் நடந்தது. காலையில் பேய் உள்ளே போகும். கோகிலவாணி எலியைக் கையில் பொத்திக்கொண்டு, மருந்து ஏற்றிய ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இயந்திரத்தின் முன் உட்காருவார். திரையில் எலி வரும், கட்டி இருந்த இடம் அணைந்து கிடக்கும். மருந்து வேலை செய்யும்! பிறகு போன் அடிக்கும். "நிறுத்துங்க." அவர் எலியைக் கூண்டில் விட்டுவிட்டு வந்து கை கழுவுவார். போன் வராத நாள் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் அவர் தினமும் வராது என்று நம்பியே ஊசியைத் தொட்டார், இல்லாவிட்டால் படம் வந்திருக்காது.

ஒருநாள் கேன்டீனில் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"தெனமும் காலைல ஒரு கொலை பண்ணிட்டு வந்து டீ குடிக்கறேன் சிகாமணி. முன்னெல்லாம் கொன்னா அது முடிஞ்சுரும். இப்ப அதே எலி மறுநா கூண்டுலருந்து என்னைப் பாக்குது. அதுக்குத் தெரியும்னு தோணுது."

"எலிக்கு என்னங்க தெரியும்?"

"என் மனசு இந்த மிஷினுக்கே தெரியுதே" என்றார்.

அப்போதுதான் அவர் வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்ததைக் கவனித்தேன். கேட்டேன். கழலை என்று நினைத்து விட்டுவிட்டதாகவும், சதையை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்றும் சொன்னார். புற்று. அவர் எந்தப் புற்றுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தாரோ அதே வகை. வரும் திங்கட்கிழமை முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். தள்ளிப்போட்டால் நுரையீரலுக்குப் போய்விடும், பிறகு கையை எடுத்தும் பயனில்லை.

"சோத்துக்கையா?" என்று அபத்தமாகக் கேட்டேன்.

"ஆமாங்க" என்றார். "எலி புடிக்கிற கை."

வியாழக்கிழமை காலை பேயை வைத்தோம். படம் மெல்ல மெல்லத் திரண்டு வரும், முதலில் தூசி மாதிரி, பிறகு உருவமாக. ஆறுக்குட்டி அண்ணன் எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க சார், இன்னிக்கு எலிக்கு அஞ்சு வாலு?"

வால் இல்லை, விரல்கள். வெறும் தண்ணீர் உருளைக்குள் மனிதக் கை ஒன்று, முன்கை பாதியோடு, உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தது. கட்டைவிரல் கொஞ்சம் விலகியிருந்தது, யாரோ எதையோ வைப்பதற்காகக் காத்திருக்கிற கை. மணிக்கட்டில் ஓர் இடம் மட்டும் அணைந்து இருண்டிருந்தது. ஆறுக்குட்டி அண்ணன் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார்.

கோகிலவாணி கதவருகே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை. மெதுவாக வந்து, திரையில் அந்த இருண்ட இடத்தில் விரலை வைத்தார்.

"அணைஞ்சிருச்சு" என்றார். அவர் கண் கலங்கிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். "பாத்தீங்களா சிகாமணி? அணைஞ்சிருச்சு!"

"மேடம், நீங்க..."

"சாயந்திரம் எனக்கே போட்டுக்கப் போறேன். மருந்தையும் போட்டு, சர்க்கரையும் போட்டு, இந்தத் தொளைக்குள்ள கையை விடப் போறேன். டைரக்டருக்குத் தெரியாது, போன் பண்ணி நிறுத்த ஆளில்ல. திங்கக்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போகவே போறதில்ல."

அவர் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டு மூன்று நாளாக ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

"படம் வர ஆரம்பிச்ச பொறகு உங்க மருந்தை நெசமா ஒரு எலிக்காவது போட்டிருக்கமா மேடம்?"

அவர் திரையிலிருந்து விரலை எடுத்தார்.

"மொதல்ல பொருந்துனதெல்லாம் மருந்து போடாத எலி" என்றேன். "கட்டி எங்க இருக்குதுன்னு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிஞ்சது தெரிஞ்சபடி வந்துச்சு. மருந்து போட்டா என்னாகும்னு யாருக்குத் தெரியும்? அணைஞ்சிருமுன்னு நீங்க நம்பறீங்க. அணைஞ்சு வருது. இது நடக்கப் போறதைக் காட்டுதா, உங்க மனசைக் காட்டுதா?"

"நான் பாத்ததெல்லாம் என் நெனப்புங்கறீங்களா?"

"எனக்குத் தெரியலைங்க. ஒரே ஒரு எலிக்கு நெசமாப் போட்டுப் பாத்துரலாம். நாளைக்கே. அதுவரைக்கும் பொறுங்க."

"அது செத்துப் போச்சுன்னா?" என்று கேட்டார்.

"நீங்க பொழைப்பீங்க" என்றேன். நான் இவ்வளவு கறாராகப் பேசுகிறவன் இல்லை.

வெள்ளிக்கிழமைக்கு ஜாங்கிரியைத் தேர்ந்தெடுத்தோம். ஆறுக்குட்டி அண்ணன் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேய் உள்ளே போயிற்று. கோகிலவாணி ஜாங்கிரியை வலது கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் ஜாங்கிரி வந்தது, தோளில் கட்டி அணைந்திருந்தது. அந்தப் படத்தை எடுத்துத் தனியாக வைத்தேன்.

போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. ஊசியை நானே எடுத்தேன், அவர் கைக்குள்ளிருந்த எலிக்கு நானே போட்டேன். ஊசி போட்ட பிறகும் அவர் அதைக் கூண்டில் விடவில்லை, மதியம் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே இருந்தார்.

மதியம் சர்க்கரை ஊசியும் போட்டு, மயக்கம் கொடுத்து, சூட்டு மெத்தையில் படுக்கவைத்து, ஸ்கேனருக்குள் தள்ளினேன். படம் திரண்டது. கட்டி எரிந்துகொண்டிருந்தது. முன்னைவிடப் பிரகாசமாகவே எரிந்தது. படம் முடிவதற்குள் ஜாங்கிரியின் மூச்சைக் காட்டும் கோடு தடுமாறி, இழுத்து, நேராகிவிட்டது.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காலையில் அணைந்தது, மதியம் எரிவது. கோகிலவாணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தனை நாளா நான் எதைங்க பாத்துட்டிருந்தேன்?"

"உங்க ஆசையை" என்றேன்.

விஷயம் தெரிந்து வரதராஜுலு ஓடிவந்தார். "ஒரு எலிய வச்சு முடிவு பண்ணிருவீங்களா? அம்பது எலி ஜெயிச்சிருக்குதே!"

"அந்த அம்பதும் கட்டியோட கூண்டுல இருக்குதுங்க சார்" என்றார் கோகிலவாணி. "எதுக்கும் மருந்தே போடல. ஜெயிச்சது நான் மட்டுந்தான்."

செத்த ஜாங்கிரியைத் தன் வலது கையில் எடுத்து, எப்போதும்போல விரல்களை மடக்கி ஒருமுறை பொத்தி வைத்திருந்துவிட்டு, ஆறுக்குட்டி அண்ணனிடம் கொடுத்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார். கையை எடுத்தார்கள்.

அவர் நீண்ட விடுப்பில் இருந்தார். நான் பார்க்கப் போனபோது புடவைத் தலைப்பால் முழங்கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சந்தோஷமான செய்திதான். இருந்தும் வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது.

ஆய்வகத்தில் அவர் மருந்தை மூட்டை கட்டிவிட்டார்கள். வேறு ஆராய்ச்சி, வேறு எலிகள் வந்தன. பேய் பழையபடி வெறும் பேயாகிவிட்டது. காலையில் வெள்ளை வட்டம், சுத்தமான வட்டம். வரதராஜுலு காரிடாரில் எதிர்ப்பட்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

பிறகு ஒரு காலை. ஆறுக்குட்டி அண்ணன் பேயை வைத்தார். நான் பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலையாக இருந்தேன்.

"சார்" என்றார் அவர். குரலே சரியில்லை. "இங்க வாங்க சார்."

வட்டத்துக்குள் கை இருந்தது. அந்தக் கையை நான் மறக்கவில்லை, அதே விரல்கள், அதே கட்டைவிரல். ஆனால் இந்த முறை அது விரிந்து கிடக்கவில்லை. விரல்கள் மடங்கியிருந்தன. உழைத்த தசை சர்க்கரை தின்னும், படத்தில் ஒளிரும். உள்ளங்கைத் தசையும் விரல் தசையும் அப்படி ஒளிர்ந்தன, நெடுநேரமாக எதையோ பொத்திப் பிடித்திருக்கிற கை. மணிக்கட்டில் ஒரு குறையும் இல்லை. பொத்திய விரல்களின் இடுக்கில் சிறிதாக ஒன்று சுருண்டிருந்தது. தோளில் அணைந்த இடத்தோடு.

"ஜாங்கிரிங்க" என்றார் ஆறுக்குட்டி அண்ணன், மெல்ல.

இரண்டுமே இப்போது உலகத்தில் இல்லை. எலியை எரித்துவிட்டோம். கையை ஆஸ்பத்திரியில் எரித்திருப்பார்கள். நான் போனை எடுத்துக் கோகிலவாணியைக் கூப்பிட்டேன். என்ன கேட்பது என்றுகூட யோசிக்கவில்லை.

"என்னங்க மேடம் பண்ணிட்டிருக்கீங்க?"

"சும்மா படுத்திருக்கறேன். என்னங்க சிகாமணி இந்நேரத்துல?"

"ஒடம்பு எப்படி இருக்குதுன்னு கேக்கலாமுன்னுதான்."

"பரவால்லைங்க." கொஞ்சம் நிறுத்தினார். "சொன்னா சிரிப்பீங்க. இல்லாத கை இருக்கறாப்பலயே இருக்குது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமாம், டாக்டர் சொன்னாரு. காலைல இந்த நேரம் ஆச்சுன்னா எலியை எடுக்கப் போறாப்பல அதுவா மடங்குது. நானும் மடக்கிக்கறேன். யாருக்கு என்ன நட்டம்?"

"வலிக்குதுங்களா?"

"வலி இல்லைங்க. இன்னிக்கு என்னமோ குளிருது. இவ்வளவு நேரம் ஒண்ணுமில்ல, இப்பத்தான், ஒரு பத்து நிமிஷமா. போர்வை போத்தலாமுன்னா எங்கன்னு போத்தறது? அந்தக் கை மட்டும் ஐஸா இருக்குது."

நான் திரையைப் பார்த்தேன். படம் எடுக்கத் தொடங்கி ஏறக்குறைய அவ்வளவு நேரந்தான் ஆகியிருந்தது. அறைக்குள் குளிர்க்காற்று உறுமிக்கொண்டிருந்தது. போனில் பேசுவது வெளியே கேட்டிருக்க வேண்டும். நான் திரும்புவதற்குள் ஆறுக்குட்டி அண்ணன் அலமாரியைத் திறந்து எலியின் சூட்டு மெத்தையை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் துளைக்குள் கையை விட்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி உருளையைக் கொஞ்சமாகத் தூக்கி, மெத்தையை அடியில் விரித்து, சுவிட்சைப் போட்டார்.

போனில் கோகிலவாணியின் மூச்சு மட்டும் கேட்டது.

"சிகாமணி" என்றார்.

"சொல்லுங்க மேடம்."

"கதகதன்னு ஆயிருச்சு." அவர் குரல் தணிந்திருந்தது. "நீங்க இப்ப என்னங்க பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லைங்க மேடம். நீங்க தூங்குங்க" என்றேன்.

போனை வைத்தேன். படம் முடிந்துவிட்டதாக இயந்திரம் மணி அடித்தது. ஆறுக்குட்டி அண்ணன் வழக்கம்போல "எடுத்துரட்டுங்களா?" என்று கேட்கவில்லை. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உருளையைத் தொடாமல் நின்றார்.

"அவங்க தூங்கட்டுமுங்க சார்" என்றார். "பொறவு எடுக்கலாம்."

அன்றிலிருந்து பேய்க்கு மெத்தை விரிக்காமல் நாங்கள் படம் எடுப்பதில்லை.